மறுமுனையில் ஒரு குரல்



சாலைப் பாதுகாப்பு மாதத்தில் மேடை ஏறுகிறவர் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பற்றிப் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு. அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான மருத்துவர்களும் போக்குவரத்து அதிகாரிகளும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவல்துறையின் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவன். லத்தியைவிட சால்டரிங் அயர்ன்தான் என் கையில் அதிக நேரம் இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நடுராத்திரியில் நெடுஞ்சாலையோரம் பேரிகார்டு போட்டு வாகனத் தணிக்கை செய்கிற ஓர் ஏட்டு, தன் கையிலிருக்கும் கருவியில் ஒரு கேள்வி கேட்கிறார். அதற்குப் பதில் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது, சரியாக வருகிறதா? இதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தணிக்கையில் நிற்கிற காவலருக்குத் தெரிய வேண்டியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வண்டி யாருடையது, ஓட்டுகிறவரிடம் உரிமம் இருக்கிறதா, இந்த வண்டியை யாராவது எங்காவது தேடிக்கொண்டிருக்கிறார்களா. முதல் இரண்டுக்கும் விடை வண்டிக்காரரின் பெட்டிக்குள் ஆர்.சி. புக்காகவும் லைசென்ஸாகவும் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கான விடை அங்கே கிடையாது. அது வேறொரு ஊரில், வேறொரு காவல் நிலையத்தில், வண்டியைப் பறிகொடுத்தவர் அழுதுகொண்டே எழுதிக்கொடுத்த புகாரில் இருக்கிறது. அந்தப் புகாருக்கும் இந்த ஏட்டுக்கும் நடுவே கம்பியோ அலையோ இல்லாவிட்டால், ஏட்டு முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்குவார். உடுப்பைப் பார்த்து ஊகிப்பார், பேச்சைப் பார்த்து ஊகிப்பார். ஏழையின் பழைய மொபெட் அரை மணி நேரம் நிற்கும். திருட்டுக் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. வண்டி நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது? 2018 மார்ச்சில் திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், ஹெல்மெட் தணிக்கையில் நிற்காமல் போன ஒரு தம்பதியின் மோட்டார் சைக்கிளைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச்சென்று உதைத்ததாக வழக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஹெல்மெட் போடாததற்கு அன்றைக்கு அபராதம் 100 ரூபாய். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண் பலகை மாட்டிய ஒரு வண்டியை இந்தக் காலத்தில் யாரும் துரத்த வேண்டியதே இல்லை. எண்ணைப் படித்து வயர்லெஸ் மைக்கில் சொன்னால், பத்து கிலோமீட்டர் தள்ளி அடுத்த சாவடியில் அமைதியாக நிறுத்திக்கொள்ளலாம். அல்லது மறுநாள் வீட்டுக்கு செலான் அனுப்பலாம். மனிதர் ஓட வேண்டிய இடத்தில் சொல் ஓடும்படி செய்வதற்காகத்தான் என்னைப் போன்றவர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. அது நடக்காத ஒவ்வோர் இடத்திலும் எங்கள் துறையின் பங்கும் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

இந்தச் சொல் ஓடத் தொடங்கிய கதை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஆரம்பிக்கிறது. 1920-களில் அந்த நகரத்துக் காவல்துறை ரேடியோவில் செய்தி அனுப்பிப் பார்த்தது. காவல்துறைக்கென்று தனி உரிமம் கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லாததால், பொழுதுபோக்கு நிலையம் என்ற பெயரில் உரிமம் வாங்கி, பாட்டுக்கு நடுவே காவல் செய்திகளை வாசித்தார்கள். 1928 ஏப்ரலில்தான் ரோந்து கார்களில் வாங்கிகளைப் பொருத்தி முறையாகத் தொடங்க முடிந்தது. அதிலும் காரில் இருப்பவர் கேட்கலாம், பேச முடியாது. செய்தி கிடைத்தது என்று சொல்லவே தெருவோரத் தொலைபேசிப் பெட்டியைத் தேடிப் போக வேண்டும். 1933-ல் நியூ ஜெர்சியின் பேயோன் என்ற ஊரில் இருவழிப் பேச்சு வந்தது. அப்போதும் எஞ்சினின் தீப்பொறி ஒவ்வொன்றும் காதில் கரகரத்தது. 1940-ல் டேனியல் நோபிள் என்ற பொறியாளர் கனெக்டிகட் மாநிலக் காவல்துறைக்கு எஃப்.எம். முறையில் அமைத்துக் கொடுத்த பிறகுதான் ஓடுகிற காரில் மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்டது. இந்தியாவில் காவல் வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்குநரகம் 1946-ல், சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. நம் ஊர்ப் பழைய வி.எச்.எஃப். வாக்கி-டாக்கி நோபிள் போட்ட அந்த வழியில்தான் இன்றும் பேசுகிறது.

இந்த அலைக்கு ஒரு குணம் உண்டு. அது பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் அது தரையை விட்டு விலகிப் போய்விடும். ஏட்டு தன் வாக்கி-டாக்கி செட்டை நெஞ்சு உயரத்தில், சுமார் ஒன்றரை மீட்டரில் பிடித்திருந்தால் அவருடைய அடிவானம் 5 கிலோமீட்டர். காவல் நிலையத்தின் 30 மீட்டர் கம்பத்துக்கு 22 கிலோமீட்டர். 900 மீட்டர் மலையின் உச்சிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கட்டடமோ குன்றோ மறைக்காவிட்டால் கிடைக்கிற கணக்கு இது. ஆகவே மலைமேல் ஒரு ரிப்பீட்டரை வைக்கிறோம். கீழே பேசுகிற குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும் இயந்திரம் அது. மலை இல்லாத மாவட்டங்களில் கம்பங்களை உயர்த்திச் சமாளிக்க வேண்டியதுதான்.

செட்டை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு பேசுகிற பழக்கம் நம் காவலர்களிடம் உண்டு. 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். அதற்கேற்ற ஆன்டெனா அரை மீட்டர் இருக்க வேண்டும். அதைச் சுருட்டி ரப்பர் உறைக்குள் அடக்கிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அதை உடம்போடு ஒட்டி வைத்தால் அலையின் பெரும்பகுதியை உடம்பே குடித்துவிடும். நான் பயிற்சி வகுப்பெடுத்த காலத்தில் வேறெதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்: பேசும்போது செட்டை நிமிர்த்தி முகத்துக்கு நேரே பிடியுங்கள். பல லட்ச ரூபாய் கோபுரம் கொடுக்காத தூரத்தை அந்த ஒரு கையசைவு கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் பணிக்காலத்தில் ஒரு மலை உச்சியில் ரிப்பீட்டர் அறை ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பகலில் சூரியத் தகடு பேட்டரிக்கு மின்னூட்டும். இரவில் பேட்டரியே துணை. ஒருமுறை ஆய்வுக்காக மலையடிவாரத்துச் சாவடியில் இரவு தங்கினேன். மூன்று மணி சுமாருக்கு மைக் செத்துப்போனது. அங்கிருந்த ஏட்டு பதறவே இல்லை. "அது விடியக்காலம் அப்படித்தான் சார், ஆறு மணிக்கு வந்துரும்" என்றார். விசாரித்தால் எட்டு மாதமாக அப்படியாம். பேட்டரிகள் வயதாகி, இரவு முழுவதும் தாங்க முடியாமல் மூன்று மணிக்கு இறங்கிவிட்டிருக்கின்றன. லாரி ஓட்டுநர் கண் அயர்கிற நேரம் அது, திருட்டு வண்டி கடக்கிற நேரம் அது. ஆறு சாவடிகளுக்கு அந்த நேரத்தில் ஊமைத்தனம். ஒருவர்கூட எழுத்தில் புகார் தரவில்லை, ஏனென்றால் அதை இயற்கை என்று நினைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கருவியின் தரத்தையும் நான் அதன் விளம்பரத் தாளை வைத்து மதிப்பிட்டதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அங்கே போய் நின்று பேசிப் பார்ப்பேன்.

இப்போது எல்லாரிடமும் செல்போன் இருக்கிறதே, வயர்லெஸ் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். செல்போனில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறோம். மைக்கில் ஒருவர் பேச எல்லாரும் கேட்கிறார்கள். "வெள்ளை வேன், பதிவெண் டி.என். ஐம்பத்தொன்பது, மேலூர் பக்கமாப் போகுது" என்று ஒரு குரல் எழுந்தால், அந்த அலைவரிசையில் உள்ள இருபது சாவடிகளும் ஒரே நொடியில் நிமிர்கின்றன. எண்ணைத் தேட வேண்டாம், ரிங் போக வேண்டாம், எடுக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாக் காவல் பிரிவிலும் இருக்கின்றன; புகைப்படம் அனுப்ப அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பைப் பார்க்கக் கண் வேண்டும், கண் சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில். காது மட்டும் போதும் என்பது வயர்லெஸ்ஸின் பெரிய அருமை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன் கோபுரங்கள் மௌனமானதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவிலும் அதுவே நடந்தது. மின்சாரமும் கோபுரமும் போன பிறகும், தனக்கென்று பேட்டரியும் தனக்கென்று அலைவரிசையும் வைத்திருக்கிற ஓர் அமைப்பு வேண்டும். அது பழையது என்பதற்காக அதைக் கைவிடக் கூடாது.

டிஜிட்டல் செட்டுகள் வந்திருக்கின்றன. நல்ல மாற்றம்தான். டெட்ரா என்ற டிஜிட்டல் முறையில் 25 கிலோஹெர்ட்ஸ் அகல அலைவரிசையை நேரத் துண்டுகளாக வெட்டி நான்கு பேச்சுகளை ஓட்டலாம், குரலை மறையாக்கலாம், செட் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய அனலாக் செட்டில் தூரம் கூடக் கூட இரைச்சல் ஏறும், குரல் மங்கும். எல்லைக்கு வந்துவிட்டோம் என்று காவலருக்குப் புரிந்துவிடும். டிஜிட்டலில் கடைசிவரை குரல் தெளிவாக இருக்கும், பிறகு சட்டென்று ஒன்றுமே இருக்காது. முன்னறிவிப்பு இல்லாமல் விழுகிற அந்த மௌனத்துக்குக் காவலர்களைப் பழக்காமல் செட்டை மட்டும் மாற்றினால் ஆபத்து.

இனி குரலைப் பற்றி. தமிழர்களாகிய நமக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது; அதை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லித்தராது. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரத்துக்கும் இரண்டாம் பகரத்துக்கும் ஒலி வேறு, எழுத்து ஒன்று. பட்டத்தில் வருகிற டகரமும் பண்டத்தில் வருகிற டகரமும் அப்படித்தான். இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்ள நம் நாக்குக்குத் தெரியும், அதனால் நமக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆனால் வண்டி எண்ணில் வருகிற ஆங்கில எழுத்துகளுக்கு அந்த உதவி கிடையாது. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் நம் வாயில் இரண்டுமே 'பி'. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் இரண்டுமே 'டி'. வயர்லெஸ் குரலை 300 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் நறுக்கித்தான் அனுப்புகிறது. மழைச் சத்தமும் லாரிச் சத்தமும் சேர்ந்தால் அந்த இரண்டு பி-யையும் பிரித்தறிய எந்தக் காதாலும் முடியாது.

இதற்காகத்தான் "பி ஃபார் பாம்பே", "பி ஃபார் பீட்டர்", "டி ஃபார் டெல்லி", "டி ஃபார் டைகர்" என்று காவலர்கள் சொல்கிறார்கள். கேட்பதற்குப் பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். ஆனால் இந்த நான்கு சொற்களைச் சோம்பலில் விட்டுவிட்டதால் தவறான வண்டி நிறுத்தப்பட்டு, ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போக முடியாமல் சாவடியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்தத் தாயார் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு எழுத்துக்காகவா தம்பி எங்கள இப்படி உக்கார வச்சீங்க?" ஒரு எழுத்துக்காகத்தான் அம்மா. எண்ணை வாங்கிய முனை அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருக்கிறது. அன்று அது பின்பற்றப்படவில்லை.

காட்சி மாறி இப்போது ஏட்டின் கையில் இன்னொரு கருவியும் வந்துவிட்டது, இ-செலான் கருவி. எண்ணைத் தட்டினால் தேசியத் தகவல் மையத்தின் வாகன் தளத்திலிருந்து உரிமையாளர், வண்டியின் நிறம், மாடல், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். உரிமம் பற்றி சாரதி தளம் சொல்லும். 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டும் ஆவணங்கள் செல்லும் என்றார்கள். அதே ஆண்டு சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அபராதத்தை ரொக்கமாக வாங்குவதை நிறுத்தியது. காவலர் கைக்கும் ஓட்டுநர் கைக்கும் நடுவிலிருந்து பணத்தை எடுத்துவிட்டதே இந்தத் தொழில்நுட்பம் செய்த பெரிய நன்மை என்று சொல்வேன். 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாய் ஆன பிறகு அது இன்னும் முக்கியமாகிவிட்டது.

ஆனால் அந்தக் கருவி சிம் கார்டை நம்பி இருக்கிறது. மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவில், காட்டோரச் சாவடியில், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் பொறுமை இழப்பார், ஏட்டு சங்கடப்படுவார், கடைசியில் காகிதத்தில் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார். இங்கே கூடியிருக்கும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு சிறு கணக்கைப் போட்டுக்காட்டுகிறேன். ஒரு வண்டி எண்ணுக்கு 10 எழுத்து. காணாமல் போன வண்டிகள் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம் எழுத்து, அதாவது ஒரு மெகாபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது. பணிமாற்றத்தின்போது காவல் நிலையத்தில் வைத்து அந்தப் பட்டியலைக் கருவிக்குள் இறக்கிவிட்டால், சிக்னலே இல்லாத இடத்திலும் ஒரு நொடியில் பதில் கிடைக்கும். சந்தேகம் வந்தால் மட்டும் மைக்கில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். இதற்குப் புதிய கோபுரம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை ஊருக்குப் போகும்போது பேரேட்டிலிருந்து கையடக்கக் குறிப்பு எழுதி எடுத்துப்போன அதே முறைதான். நம் வலைப்பின்னல்களை வடிவமைப்பவர்கள் நகரத்தின் நடுவே உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள். சிக்னல் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பு அவர்களை அறியாமல் உள்ளே புகுந்துவிடுகிறது.

கேமராவுக்கு வருகிறேன். எண் பலகையைத் தானே படிக்கும் கேமராவை 1976-லேயே பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் மேம்பாட்டுப் பிரிவில் உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று நம் நகரங்களிலும் அது பரவிவிட்டது. அதற்குப் படிக்கத் தெரிந்தது ஒழுங்கான எழுத்தை மட்டும்தான். மோட்டார் வாகன விதி எண் பலகையில் ஆங்கில எழுத்தையும் அரபு எண்ணையும்தான் அனுமதிக்கிறது. நம் இளைஞர்கள் சிலர் தமிழ் எண்களில் எழுதிக்கொள்கிறார்கள். தமிழ் எண்ணின் மீது எனக்கும் தீராத பற்று உண்டு. என் வீட்டுக் கதவு எண்ணே தமிழ் எண்தான். ஆனால் விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது உங்கள் வண்டி எண்ணை ஒரு கேமராவோ பக்கத்து மாநிலக் காவலரோ படித்து வீட்டுக்குச் சொல்ல வேண்டிவரும். அந்த நிமிடத்துக்காகவாவது பலகையை விதிப்படி வையுங்கள். வண்டி எண் வரிசையில் சுழி போலவும் ஒன்று போலவும் தோன்றும் இரண்டு ஆங்கில எழுத்துகளை விட்டுவிடுவதும் படிப்பவர் குழம்பக் கூடாது என்பதற்காகத்தான்.

கேமரா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை காவலர்களிடம் வளர்ந்துவருவது எனக்குக் கவலை தருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எண்ணைச் சரியாகப் படிக்கிற கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 10,000 வண்டி கடந்தால் 200 எண்கள் தவறு. அந்த 200-ல் பெரும்பாலானவை தேடப்படும் பட்டியலில் எதனோடும் பொருந்தாது. ஆனால் பட்டியல் பெருகப் பெருகத் தற்செயலாகப் பொருந்துவதும் பெருகும். அந்தச் சாலையில் உண்மையான திருட்டு வண்டி அன்றைக்கு ஒன்றுகூடப் போயிருக்காது. ஆகவே கேமராவின் மணி ஒலித்தால் ஏட்டு செய்ய வேண்டியது, தன் கண்ணால் பலகையைப் படிப்பது, வாகன் காட்டும் நிறமும் மாடலும் எதிரே நிற்கும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இதற்கு முப்பது நொடி போதும். அந்த முப்பது நொடி முடியும்வரை வண்டியில் இருப்பவர் நிரபராதி, அவரிடம் "ஐயா, ஒரு நிமிஷம்" என்றுதான் பேச வேண்டும்.

வேகத் துப்பாக்கியும், மது குடித்திருப்பதைக் கண்டுபிடிக்கும் மூச்சுக் கருவியும் இதே குடும்பம். வேகத் துப்பாக்கியின் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது சுருதி மாறுகிறது. 24 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்த மாற்றம் சுமார் 3,600 ஹெர்ட்ஸ், காதால் கேட்கக்கூடிய ஒரு விசில். சாலையோரம் சாய்வாக நின்று பிடித்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். இருபது பாகைச் சாய்வில் 80 என்பது 75 ஆகிவிடும். மூச்சுக் கருவி, நுரையீரல் காற்றில் உள்ளதைப் போல 2,100 மடங்கு மது ரத்தத்தில் இருக்கும் என்ற சராசரியை நம்பிக் கணக்கிடுகிறது. சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ வாயில் இருந்தால் எண் பொய்யாக ஏறும். பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னால் பொய் இறங்கிவிடும்.

நேரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் யாரும் பேசுவதில்லை. ஒருமுறை ஒரு விபத்து வழக்கில் மூன்று கேமராப் பதிவுகளைச் சரிபார்க்க என்னை அழைத்தார்கள். லாரி முதல் கேமராவைத் தாண்டுவதற்குப் பதினொரு நிமிடம் முன்பே இரண்டாவது கேமராவைத் தாண்டியிருந்தது. லாரி பின்னோக்கி ஓடவில்லை. கேமராவின் கடிகாரம்தான் தப்பாக ஓடியது. பொருத்திய நாளில் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்த நேரம், நான்கு ஆண்டுகளில் அவ்வளவு விலகிவிட்டது. செயற்கைக்கோளிலிருந்தோ இணையத்திலிருந்தோ நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி அந்தக் கேமராவிலேயே இருந்தது, முடுக்கிவிட ஆளில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த 167-ஏ விதி, கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும் என்கிறது, குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும் என்கிறது. இவை வெற்றுச் சடங்கு ஆகிவிடக் கூடாது. கடிகாரம் தப்பான கேமரா நிரபராதியைக் குற்றவாளி ஆக்கும், குற்றவாளிக்குத் தப்பும் வழியையும் திறந்துவிடும்.

சேர்த்து வைக்கும் தகவல் எல்லாம் ஒருநாள் கசியக்கூடியது என்பதையும் மனத்தில் வைத்துத்தான் வலைப்பின்னல் கட்ட வேண்டும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்திலிருந்து தகவல்கள் கசிந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2008 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், எண் பலகைகளை மொத்தமாகப் படிக்க அனுமதித்த இரண்டு மாநிலச் சட்டங்களை ரத்து செய்தது. தேடப்படாத வண்டியின் பதிவு உடனே தடமின்றி அழிய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். என் கருத்தும் அதுதான். ஆசுபத்திரிக்குப் போனவர், கோயிலுக்குப் போனவர், போராட்டக் கூட்டத்துக்குப் போனவர் என்று ஊர் முழுவதின் போக்குவரத்தையும் ஆண்டுக்கணக்கில் சேமிக்கச் சாவடிக்கு எந்த அவசியமும் இல்லை. ஏட்டு கேட்டது ஒரே கேள்வி: இந்த வண்டியை யாராவது தேடுகிறார்களா? இல்லை என்று பதில் வந்தால் அந்த எண்ணை மறந்துவிட வேண்டும்.

இவ்வளவு நேரம் வண்டியில் வருகிறவரைப் பற்றிப் பேசினேன். சாவடியில் நிற்கிறவரைப் பற்றியும் பேச வேண்டும். 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, குமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில எல்லையில் இரவுப் பணியில் நிற்பது எவ்வளவு பெரிய தனிமை என்று அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது. அவருடைய கையில் எத்தனை நவீனக் கருவி கொடுத்தாலும், அவர் குரல் வரவில்லையே என்று கவலைப்பட மறுமுனையில் ஒருவர் இல்லையென்றால் அவர் தனியாள்தான். செட்டில் ஆபத்து பொத்தான் வைக்கலாம், இருப்பிடம் காட்டலாம். அதை மறுமுனையில் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கான பணியிடத்தை நிரப்பாமல் பொத்தானை மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு. ஒரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கில் இருந்தவர் ஒரு பெண் தலைமைக் காவலர். மணிக்கொரு முறை எல்லாச் சாவடிகளையும் வரிசையாக அழைத்து, பதில் வந்ததும் பதிவேட்டில் நேரம் எழுதுவார். இரண்டு மணிக்கு ஐந்து சாவடிகள் பதில் சொல்லின. ஆறாவது சொல்லவில்லை. மூன்று முறை அழைத்தார். நான்காவது முறை அழைக்காமல், ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோந்து வண்டியை அங்கே போகச் சொன்னார். தூங்கியிருப்பார்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினான்கு நிமிடம் கழித்து ரோந்து வண்டியின் மைக்கில் சாவடிக் காவலரின் குரல் வந்தது. "அம்மா, கொப்பு முறிஞ்சு விழுந்து ஆன்டெனா வயர் அந்துருச்சு. நாங்களும் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டேதான் இருந்தோம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். ஓவர்." அந்த அம்மா பேனாவை எடுத்துப் பதிவேட்டில் ஆறாம் எண்ணுக்கு நேரே மணியை எழுதினார். பிறகு ஏழாவது சாவடியைக் கூப்பிட்டார்.